சிங்கம் யாரைப் பார்க்கிறது?

"இந்தச் சிங்கம் யாரைப் பார்க்குது?" என்று கேட்டார் ஜெர்வாஸ்.

தாமசின் என்ற அந்தப் பலகாரக்காரி, கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள். கிரீன்விச் அரண்மனையின் பலகாரச் சமையற்கூடத்தில் காலையிலிருந்து நின்று நின்று அவளுக்குக் கால் மரத்துப் போயிருந்தது. மேஜைமேல் ஒரு சர்க்கரைக் கோட்டை. கோட்டை வாசலில் ஒரு சர்க்கரைச் சிங்கம். இந்தப் பக்கம் சர்க்கரை ரோஜாக்கள், அந்தப் பக்கம் சர்க்கரை அல்லிகள். சிங்கத்தின் பிடரிக்குக் குங்குமப்பூ அரைத்துப் பூசி இப்போதுதான் முடித்திருந்தாள்.

"யாரையும் பார்க்கலை ஐயா. சும்மா முன்னாடி பார்க்குது."

"முன்னாடின்னா? முன்னாடி யார் உட்காரப்போறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? என்னையா விருந்துக்குக் கூப்பிட்டிருக்கீங்க?"

"ஸ்பெயின் தூதர்! தோன் பால்தசார்! அவர் மூஞ்சிக்கு நேரா, வாயைப் பிளந்துக்கிட்டு, பல்லைக் காட்டிக்கிட்டு ஒரு சிங்கம்! சிங்கம்னா யாரு? இங்கிலாந்து. அப்ப இதுக்கு என்ன அர்த்தம்?"

"கொட்டாவி விடுதுன்னு அர்த்தம்" என்றாள் அவிஸ், அடுப்படியிலிருந்து. ஆரஞ்சுத் தோலைப் பாகில் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள் அவள். தாமசினுடைய நாத்தனார். வாய் கொஞ்சம் நீளம்.

ஜெர்வாஸ் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மந்திரி அலுவலகத்தில் வெளிநாட்டு விவகாரம் பார்க்கும் எழுத்தர் அவர். ஒரு தூதர் தும்மினால் வலது பக்கம் தும்மினாரா, இடது பக்கம் தும்மினாரா என்று கவனித்து மேலிடத்தில் போய்ச் சொல்ல வேண்டிய உத்தியோகம். மனுஷன் தூங்கிப் பல மாதம் ஆகியிருக்கும் போலிருந்தது. பாவம், பார்க்கிற பொருளுக்கெல்லாம் அர்த்தம் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, அர்த்தமே இல்லாமல் ஒரு கரண்டிகூட அவர் கண்ணில் படாது.

"நான் வேணும்னா பூனையா மாத்திடட்டுமா ஐயா?"

"விளையாடாதே தாமசின். உன் புருஷன் விஷயம் இதுல இருக்கு. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறதாவாம்! அவளுக்கு வேறென்ன ஞாபகம் இருக்கிறது?

தாமசினின் கணவன் ஆம்ப்ரோஸ் ஒரு கப்பல் தச்சன். ஈஸ்டருக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, திராட்சை மது ஏற்றப்போன கப்பலில் ஸ்பெயினுக்குப் போனவன். அது போன வருஷத்து ஈஸ்டர். நம் ஆட்கள் சிலர் நடுக்கடலில் ஸ்பெயின்காரர்களின் வெள்ளிக் கப்பலைக் கொள்ளையடித்தார்கள். அந்தக் கோபத்தில் அவர்கள் தங்கள் துறைமுகத்தில் நின்ற நம் கப்பல்களையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கொள்ளையடித்தவர்கள் புது வெல்வெட் சட்டை போட்டுக்கொண்டு லண்டன் தெருவில் உலாத்துகிறார்கள். மது வாங்கப்போன ஆம்ப்ரோஸ் காதிஸ் ஊர்ச் சிறையில் கிடக்கிறான். அரசியல் என்றால் அப்படித்தான்.

அந்த மாலுமிகளை விடுவதா வேண்டாமா என்று பேசத்தான் தோன் பால்தசார் வந்திருக்கிறார். வந்ததிலிருந்து பிடி கொடுக்கவே இல்லை. இன்று ராணியம்மா கொடுக்கும் விருந்து கடைசி முயற்சி. மனம் குளிர்ந்தால் ஒரு வார்த்தை சொல்லி விடுவித்துவிடுவார். முகம் சுளித்தால், நாளைக்கே கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். ஆம்ப்ரோஸ் அங்கேயே கிடந்து நரைக்க வேண்டியதுதான்.

"அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை" என்று குரலைத் தாழ்த்தினார் ஜெர்வாஸ். "போன ஞாயித்துக்கிழமை தோட்டத்துல பிரெஞ்சுத் தூதர் எதிர்ல வந்து, தொப்பியைக் கழட்டி வணக்கம் சொல்றாரு. இவர் அங்கே ஒரு ஆள் நிக்கிற மாதிரியே காட்டிக்கலை. நேரா போயிட்டார்! அன்னிக்கே பாரிசுக்குக் குதிரை பறந்தது."

"ஆத்தாடி."

"அது போகட்டும். பெரிய கூடத்துல நம்ம கடற்படைச் சண்டைப் படம் மாட்டியிருக்கே, அதைக் காட்டினோம். கப்பல் எரியுது, ஆளுங்க தண்ணியில குதிக்கிறாங்க, ஒரே ரத்தம். அதுக்கு முன்னாடி நின்னு என்ன சொன்னார் தெரியுமா? 'ரொம்ப அமைதியான படம்'னார். மந்திரிங்க எல்லாம் கூடி உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் பேசினாங்க."

"என்ன அர்த்தமாம்?"

"இன்னும் முடிவாகலை. அதனாலதான் சொல்றேன், அந்தச் சிங்கத்தைத் திருப்பு."

தாமசின் கத்தியை எடுத்து, சிங்கத்தின் நாலு காலையும் பலகையிலிருந்து பக்குவமாகப் பெயர்த்து, எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாள். கூடத்தில் தோன் பால்தசார் எந்தப் பக்கம் உட்காருவாரோ, அந்தப் பக்கமாகப் போய்க் குனிந்து பார்த்தார் ஜெர்வாஸ். பார்த்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப அவருக்கு என்ன தெரியும்?"

"பின்பக்கம்" என்றாள் அவிஸ். "வாலையும் தூக்கிக்கிட்டு."

"திருப்பு! திருப்பு!"

இடது பக்கம் திருப்பினால், அங்கே பிரெஞ்சுத் தூதர். அவரைக் கடிக்கப்போவது போல இருந்தது. வலது பக்கம் திருப்பினால், அங்கே ராணியம்மாவின் ஆசனம். சொந்த ராணியைப் பார்த்தே உறுமுகிற சிங்கத்தைச் செய்தவளுக்கு என்ன தண்டனை என்று ஜெர்வாஸ் சொல்லவில்லை. தாமசினும் கேட்கவில்லை.

"சரி, திருப்ப வேணாம். வாயை மட்டும் மூடிடு. மூடின வாயோட யாரைப் பார்த்தா என்ன?"

இது நியாயமான பேச்சாகத்தான் பட்டது. தாமசின் பன்னீரில் விரலைத் தோய்த்துத் தாடையை நனைத்தாள். இளகியதும் மெல்ல அழுத்தினாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். மளுக்கென்று ஒரு சத்தம். தலை கையோடு வந்துவிட்டது.

மூவரும் அந்தத் தலையைப் பார்த்தார்கள்.

"கடவுளே" என்றார் ஜெர்வாஸ். "ஸ்பெயின் ராஜா கொடியிலயும் சிங்கம் இருக்கு. சிங்கமும் கோட்டையும்தான் அவங்க சின்னமே! அவங்க கோட்டை வாசல்லயே அவங்க சிங்கத்தோட தலையை வெட்டிட்டே!"

"இவ்வளவு நேரம் இந்தச் சிங்கம் இங்கிலாந்துன்னு சொன்னீங்களே ஐயா?"

"தலை இருந்தவரைக்கும் இங்கிலாந்து. தலை போனப்புறம் ஸ்பெயின். எடு அதை, எடு!"

சிங்கத்தை எடுத்தாள். எடுத்ததும் அல்லிப்பூக்கள் பளிச்சென்று கண்ணில் பட்டன. அல்லி பிரான்சின் சின்னம். ஸ்பெயினின் கோட்டைக்கு முன்னால் பிரான்ஸ் மட்டும் ஜம்மென்று பூத்துக் குலுங்கினால் என்ன ஆவது? அல்லியையும் பிடுங்கினாள். மிச்சம் இருந்தது கோட்டையும் ரோஜாவும். ரோஜா நம் ராணியம்மாவின் குலப்பூ. ஜெர்வாஸ் சுற்றி வந்து பார்த்துவிட்டு, நாலா பக்கமும் ரோஜா நின்றால் இங்கிலாந்து ஸ்பெயினை முற்றுகையிட்ட மாதிரி அல்லவா இருக்கிறது என்றார்.

"அண்ணி, கப்பல் அச்சு ஒண்ணு இருக்கே. ஒரு கப்பல் செஞ்சு வெச்சிடலாமா?" என்றாள் அவிஸ்.

"கப்பலா!" ஜெர்வாஸ் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற காவலாள் எட்டிப் பார்த்தான். "கப்பலைக் கொள்ளையடிச்சோம்னுதானே அந்த மனுஷன் இங்க வந்து உட்கார்ந்திருக்காரு! அவருக்கு இனிப்புன்னு கப்பலை நீட்டுவியா?"

"அடியே, நீ பாகை மட்டும் பாரு" என்றாள் தாமசின்.

கடைசியில் அன்னம் என்று முடிவானது. அன்னம் யார் கொடியிலும் இல்லை. அன்னம் யாரையும் கடிக்காது. உண்மையில் கடிக்கும், தேம்ஸ் கரையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அதை எடுத்துச் சொல்ல நேரம் இல்லை. தாமசின் மளமளவென்று சர்க்கரை மாவைப் பிசைந்து, அச்சில் அழுத்தி, கழுத்தை வளைத்து, கோட்டை வாசலில் அன்னத்தை உட்கார வைத்தாள்.

"அருமை" என்றார் ஜெர்வாஸ். அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. தாமசினுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றாள். மனதுக்குள் ஆம்ப்ரோஸ் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கப்பலைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தான்.

வெளியே ஆற்றுப்பக்கமிருந்து ஈரக்காற்று. உள்ளே அவிஸின் பாகிலிருந்து ஆவி. பிசைந்த சர்க்கரைக்கு இரண்டுமே ஆகாது. அன்னத்தின் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கியது. தொங்கித் தொங்கி, தோன் பால்தசாரின் நாற்காலி இருக்கும் திசையைப் பார்த்து, அலகு பலகையில் படக் கும்பிட்டுவிட்டது.

"இங்கிலாந்து சரணடைஞ்சிருச்சு" என்றாள் அவிஸ்.

ஜெர்வாஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். தாமசின் அவசர அவசரமாக நீளமான லவங்கப்பட்டை ஒன்றை எடுத்து, அன்னத்தின் தொண்டை வழியாகச் செருகிக் கழுத்தை நிமிர்த்தினாள். நிமிர்ந்தது. பட்டையின் நுனி மட்டும் உச்சந்தலையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"லண்டன் பாலத்துல துரோகிங்க தலையைக் குத்தி வெச்சிருப்பாங்களே, அதே மாதிரி இருக்கு அண்ணி."

"வாயை மூடுடி!"

கூடத்தில் எக்காளம் ஊதினார்கள். முக்கிய விருந்து முடிந்து இனிப்புக்கு நேரமாகிவிட்டது. சிவப்பு அங்கி போட்ட நாலு தடியர்கள் வந்து பலகையைத் தூக்கினார்கள். அவர்கள் பாட்டுக்கு ஒழுங்காகத்தான் தூக்கினார்கள். ஜெர்வாஸ்தான், "மெதுவா, மெதுவா, அன்னம் பத்திரம்" என்று சொல்லிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தார். நிலைப்படி காலைத் தட்டியது. கையை விரித்துக்கொண்டு மல்லாக்க விழப்போனவர், கிடைத்ததைப் பிடித்தார். கிடைத்தது பலகை.

கோட்டை, கொத்தளம், ரோஜா, அன்னம் எல்லாம் வாசலை ஒட்டிய மேஜைமேல் வந்து கொட்டியது. ஓரமாகக் கிடந்த அல்லிகளும் தலையில்லாத சிங்கமும் அதோடு சேர்ந்து நொறுங்கின.

தாமசின் அப்படியே நின்றாள். அழவேண்டும் போலிருந்தது, அடக்கிக்கொண்டாள். 'ஆம்ப்ரோஸ், என்னை மன்னிச்சிடு' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். உள்ளேயிருந்து இரண்டாவது எக்காளமும் கேட்டது.

"வெள்ளிக் கிண்ணமெல்லாம் எடு அவிஸ்" என்றாள்.

"எதுக்கு அண்ணி?"

"எடுன்னா எடேன்!"

உடைந்த துண்டுகளைக் கைநிறைய அள்ளி அள்ளிக் கிண்ணங்களில் போட்டாள். அவிஸ் அந்தக் கொதிக்கிற ஆரஞ்சுப் பாகை மேலே ஊற்றினாள். பொன்னிறமாகப் பளபளத்தது. பட்டையும் கிராம்பும் மணத்தன.

"நில்லு, நில்லு! எந்தக் கிண்ணத்துல எந்தத் துண்டு போகுதுன்னு பார்க்க வேணாமா?" என்று பதறினார் ஜெர்வாஸ். "ஸ்பெயினுக்கு அல்லி போயிட்டா? பிரான்சுக்குக் கோட்டை போயிட்டா?"

"பாருங்க ஐயா. நல்லாப் பாருங்க. நீங்க பார்த்துப் பார்த்துத்தான் இது இந்தக் கதிக்கு வந்திருக்கு" என்றாள் தாமசின். சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன பேசினோம் என்று பயந்தாள். ஆனால் கிண்ணங்கள் அதற்குள் போய்விட்டன.

மரத்தட்டியின் இடுக்கு வழியாக மூவரும் கூடத்தைப் பார்த்தார்கள். கறுப்பு உடையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார் தோன் பால்தசார். அவர் நாற்காலிக்குப் பின்னால் தொரிபியோ என்ற கிழட்டு வேலைக்காரர், எப்போதும் போல. கிண்ணம் அவர் முன்னால் வந்தது. பாகுக்கு நடுவிலிருந்து ஒரு பொருள் துருத்திக்கொண்டிருந்தது. குங்குமப்பூப் பிடரி, பிளந்த வாய்.

"சிங்கத்தோட தலை" என்று முனகினார் ஜெர்வாஸ். "வெட்டின தலை. நேரா அவருக்கே."

தோன் பால்தசார் கரண்டியை விட்டார். தலை கரண்டியில் ஏறியது. அவர் அதை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். கடக், கடக் என்று மென்றார். பிரெஞ்சுத் தூதர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கூடமே பார்த்தது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. விழுங்கினார். இன்னொரு கரண்டி. பிறகு இன்னொன்று. கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு எழுந்து நின்றார்.

"இந்த நாட்டில் எனக்கு எத்தனையோ காட்டினார்கள்" என்றார் உரத்த குரலில். "இன்று இந்த மேஜையில் இருப்பதைப் போல அழகான ஒன்றை நான் பார்த்ததே இல்லை."

மேஜையில் இருந்தது நொறுங்கிய சர்க்கரையும் ஒழுகிய பாகும். தாமசின் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முடிந்தது, எல்லாம் முடிந்தது.

அப்போது உயர்ந்த ஆசனத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. ராணியம்மா சிரித்துவிட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கூடமே சிரித்தது. பிரெஞ்சுத் தூதர்கூட வேறு வழியில்லாமல் சிரித்தார். ஜெர்வாஸ் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. தொப்பி எங்கேயோ போயிருந்தது.

"என்ன நுட்பம்! என்ன நுட்பம்! உடைஞ்ச கோட்டையைப் பார்த்து அழகுங்கிறார்னா என்ன அர்த்தம்? பழைய பகையெல்லாம் உடையட்டும்னு அர்த்தம்! எங்க மந்திரி உடனே புரிஞ்சுக்கிட்டார். இன்னொரு கிண்ணம் கேட்டார்மா அவரு! அது பாதி ஆகும்போது—"

"ஆகும்போது?"

"காதிஸ்ல இருக்கிற ஆளுங்க எல்லாரையும் விட்டுடறேன்னுட்டார். எல்லாரையும்! அடுத்த கப்பல்லயே."

தாமசின் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை நின்றிருந்த அழுகை அணை உடைந்த மாதிரி வந்தது. அவிஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "எங்கண்ணன் வருது அண்ணி, எங்கண்ணன் வருது" என்று அவளும் அழுதாள். இரண்டு பேர் கையிலும் பாகு. இருவரும் ஒட்டிக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

தாமசின் கடவுளுக்கு நன்றி சொன்னாள். ராணியம்மாவுக்கு நன்றி சொன்னாள். சிவப்பு அங்கித் தடியர்களுக்குச் சொன்னாள். பிறகு ஜெர்வாஸின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க மட்டும் அந்தப் பலகையைப் பிடிச்சு இழுக்கலைன்னா என் புருஷன் வந்திருக்கமாட்டாரு ஐயா. நீங்க நல்லா இருக்கணும்."

"அது... அதைப் பத்தி மேலிடத்துல ஒண்ணும் சொல்லவேணாம்" என்றார் ஜெர்வாஸ். பாகு ஒட்டிய கையை எங்கே துடைப்பதென்று தெரியாமல் நின்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

தூதருக்கு நன்றி சொல்லாமல் இருந்தால் அது மனுஷத்தனமா? மறுநாள் தாமசின் மிச்சமிருந்த சர்க்கரையையெல்லாம் போட்டு ஒரு புதுச் சிங்கம் செய்தாள். வாயை நன்றாக மூடி, வாலைச் சுருட்டி, சாதுவாக. ஜெர்வாஸ் வந்து பார்த்தார். விடுவாரா? தச்சரைக் கூப்பிட்டு அடியில் சுழலும் பலகை ஒன்று பொருத்தச் சொன்னார்.

"இனிமே இது எந்தப் பக்கம் பார்க்கணும்னு அவரே திருப்பிக்கட்டும். பொறுப்பு அவங்களோடது" என்று சொல்லி, அன்றுதான் வாழ்க்கையில் முதல்தடவையாக நிம்மதியாகத் தூங்கப் போனார்.

படகில் மடியில் வைத்துக்கொண்டு, காற்றுப் படாமல் துணியால் போர்த்தி, தூதர் தங்கியிருந்த ஆற்றோர வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள் தாமசின். கதவைத் திறந்தது தொரிபியோ.

"நான்தான் பெரியவரே, நேத்து அந்த ஆரஞ்சுப் பாகு..."

"நீயா!" கிழவர் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கம்பளி வியாபாரிகளோடு லண்டனில் பல காலம் இருந்தவராம், நம் பேச்சு நன்றாகவே பேசினார். "நீ நல்லா இருப்பே தாயி! இந்த ஊருக்கு வந்ததுலேருந்து ஐயா சரியாவே சாப்பிடலை, பேசலை. நேத்து ராத்திரி பூரா ஆரஞ்சைப் பத்தித்தான் பேச்சு. சிரிச்சாரு தாயி! எங்க ஐயா சிரிச்சாரு!"

"நான்தாங்க நன்றி சொல்லணும். அவர் ஒரு வார்த்தை சொன்னாரு, எனக்கு வாழ்க்கையே திரும்பி வந்துடுச்சு." தாமசின் துணியை விலக்கிச் சிங்கத்தைக் காட்டினாள். பலகையைச் சுழற்றியும் காட்டினாள். "இதை ஐயாகிட்டக் காட்டுங்க பெரியவரே. அவர் எந்தப் பக்கம் பார்க்கணும்னு நினைக்கிறாரோ, அந்தப் பக்கம் பார்க்கும்."

தொரிபியோ சிங்கத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"இந்த நாட்டுல எல்லாரும் அவருக்கு எதையாவது காட்டிக்கிட்டே இருக்காங்க. நீ ஒருத்திதான் வாயில போட ஏதோ குடுத்தே. அந்த நன்றிக்காகச் சொல்றேன், வெளியே விட்டுடாதே" என்று அவள் காதோடு சொன்னார். "இதையும் நேத்து மாதிரியே உடைச்சுப் பாகு ஊத்திக் குடுத்துடு தாயி. எங்க ஐயாவுக்குக் கண்ணு சுத்தமாத் தெரியாமப் போய் வருஷக்கணக்காச்சு, எங்க ராஜாவுக்கே அது இன்னும் தெரியாது."